சுவரில் மாட்டிய எண்

ஷார்ஜா
3 ஜூலை 2009

அன்புள்ள அக்கா,

தம்பி கிறிஸ்டோபரின் ஸ்தோத்திரம். இங்கே வெயில் நாற்பத்தாறு டிகிரி. அதைக் கழித்துவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ சுகமாக இருப்பதாக நேற்று அத்தான் ஃபோனில் சொன்னார். உனக்குக் காது போன நாளிலிருந்து உன் சுகத்தை நான் உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்புவது. ஆகவே நீயே எழுது.

எனக்கு இந்த வயதில் வாத்தியார் வேலை கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் கூலி ஆட்களுக்குச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கக் கூடாதாம், வங்கி வழியாகத்தான் தர வேண்டுமாம், அரசாங்க உத்தரவு வருகிறது. எங்கள் கேம்பில் தமிழ் ஆட்கள் எழுபது பேர். அதில் பாதி நம் தேனி, கம்பம், வருசநாட்டுப் பக்கம். ஆளுக்கு ஒரு கார்டு வரப்போகிறது. ஸ்டோர் கீப்பரான எனக்குத்தான் வேலை குறைவு என்று மேனேஜர் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை தோறும் ஏ.டி.எம். பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்.

டைல்ஸ் வந்த அட்டைப் பெட்டியில் மெஷின் படம் வரைந்து பாடத்தை ஆரம்பித்தேன். கடமலைக்குண்டு சின்னக்கருப்பு முதல் வரிசையில் உட்கார்ந்து, "அண்ணே, கார்டை முழுங்கிட்டு அந்த மெசினு நம்மளையே யாருன்னு கேட்டா என்ன செய்ய?" என்றான். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. நான்கு எண்ணை ஒழுங்காக அடித்தால் அது ஒன்றும் கேட்காது என்று சொன்னேன்.

இனி என் விஷயம். பதினைந்து வருஷம் போதும். நவம்பர் ஐந்தாம் தேதி ராஜினாமா கொடுக்கப்போகிறேன். இரண்டு மாத நோட்டீஸ் முடிந்தால் ஜனவரியில் தேனி. ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார்கள், நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு வேறு கம்பெனியும் விசா தராது. அதனால் என்ன? தேனி வங்கியில் ஏழு லட்சம் இருக்கிறது. சபைக்குப் பின்னால் ஒரு மனையும், நோட்டுப் புத்தகக் கடை வைக்க ஒரு அறையும் எனக்குப் போதும். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காதே.

ஜனவரி லீவில் உன்னிடம் கொடுத்த என் தேனி வங்கிக் கார்டு பீரோவில் பத்திரம்தானே?

உன் பதில் வரும்வரை உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
கிறிஸ்டோபர்


தேனி
21 ஜூலை 2009

அன்புத் தம்பிக்கு,

ஜெபஷீலா எழுதுவது. நான் சுகம் என்று அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் என்னிடமே கேட்டாயே, அதற்கு சந்தோஷம். காதுக்குள் முன்பு ஒரு வண்டுச் சத்தம் இருந்தது, இப்போது அதுவும் நின்றுவிட்டது. எல்லோரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள். சிலரை அப்படிப் பார்ப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. உன் அத்தான் முக்கியமான விஷயத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். முக்கியம் இல்லாததற்குக் கையை ஆட்டுவார்.

மலையில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் புரண்டு வருகிறது. நடவு ஆரம்பித்ததால் கடையில் மோட்டாரும் பைப்பும் நன்றாக ஓடுகின்றன. உனக்குத் தெரிந்திருக்கும், அல்லிநகரத்தில் கிளைக் கடை திறந்தாகிவிட்டது. போதகர் வந்து ஜெபம் செய்தார். இரண்டு லாரி சரக்கு இறங்கியது. கடை கூட்டுகிற பூமாரி அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஆத்தா, முதலாளிக்குப் புதையல் எதுவும் கிடைச்சிருச்சா?" என்று கேட்டாள். அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கிளைக் கடை விஷயமாக நீ ஃபோனில் சொன்னதை எல்லாம் அவர் எனக்கு எழுதிக் காட்டினார். நீ அதை மனதாரச் சொன்னாயா, தம்பி? அவருக்காக முகம் பார்த்துச் சொல்லவில்லையே?

கார்டு வீட்டில்தான் இருக்கிறது. பீரோச் சாவியை இப்போது அவரே வைத்துக்கொள்கிறார். எனக்கு மறதி அதிகமாம்.

ராஜினாமாவுக்கு அவசரப்படாதே. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா
ஜெபஷீலா


ஷார்ஜா
7 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்து நேராக இருந்தது. சுகம் என்று நம்பிவிட்டேன். எனக்கு வேர்க்குரு தவிர வியாதி இல்லை.

இதென்ன கேள்வி? கிளைக் கடை பற்றி அத்தானிடம் மனதாரத்தான் சொன்னேன். முகம் பார்த்துச் சொல்ல ஃபோனில் முகம் எங்கே தெரிகிறது? அத்தான் கெட்டிக்காரர். ஒரு கடையை வைத்துக்கொண்டே நான் திணறியிருப்பேன். அவர் இரண்டாவது கடையையும் திறந்து லாரி லாரியாகச் சரக்கும் இறக்குகிறார் என்றால் பெருமையாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்.

கார்டுகள் வந்துவிட்டன. வந்த அன்றே எனக்கு ஒரு தலைவலி. ராக்கப்பன் அண்ணன் என்று ஒருவர், கூடலூர்க்காரர், கம்பி கட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. மெஷின் இங்கிருந்து ஏழு கிலோமீட்டர். நம் பக்கத்து ஆட்களில் இருபத்து மூன்று பேர் தங்கள் கார்டை அவரிடம் கொடுத்து, நம்பரையும் காதில் ஓதிவிட்டார்கள். அவர் ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, விடியும் முன்னே போய் வரிசையில் நின்று, ஒவ்வொருவன் பணத்தையும் தனித்தனியாக மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒரு சீட்டு எழுதி வைப்பது கிடையாது. இருபத்து மூன்று நம்பரும் தலைக்குள்.

இதை விடக் கூடாது என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன்: அண்ணன் ஆனாலும் தம்பி ஆனாலும் நம்பரைச் சொல்லாதே. ஊர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு என்னை ஏதோ கெட்ட வார்த்தை எழுதியவனைப் போலப் பார்த்தார்கள். பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

இன்னும் மூன்று மாதம். மனையை ஒரு நடை பார்த்து வை.

தம்பி
கிறிஸ்டோபர்


தேனி
24 ஆகஸ்ட் 2009

அன்புத் தம்பிக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. வேர்க்குருவுக்கு நுங்கு தடவலாம், அங்கே நுங்குக்கு எங்கே போவாய்.

மனதாரச் சொன்னேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். இவ்வளவு பெரிய மனது உனக்கு என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது. இனி அதைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

மனையைப் பார்த்தேன். வேப்பமரம் ஒன்று நிற்கிறது. விலை ஏறியிருக்கிறதாம். ஆனால் தம்பி, எனக்கு ஒன்று புரியவில்லை. கடைக்கும் மனதாரக் கொடுத்துவிட்டு மனையும் வாங்கலாம் என்கிறாயே, அந்தக் கணக்கு எனக்கு எட்டவில்லை. உனக்கு வேறு சேமிப்பு இருக்கும் என்று அவர் எழுதிக் காட்டினார். அப்படியே இருக்கட்டும்.

அக்கா


ஷார்ஜா
18 செப்டம்பர் 2009

அன்புள்ள அக்கா,

நோன்பு மாதம், அரை நாள் வேலை, முழு நாள் தூக்கம். இதற்கு மேல் என்ன சுகம் வேண்டும்? நீயும் அப்படி இருப்பாய் என நம்புகிறேன்.

கடைக்குக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். நான் கொடுத்தது வாழ்த்து ஒன்றுதான். "தைரியமா தெறங்க அத்தான்" என்றேன். அதற்கா இவ்வளவு மெச்சுவாய்? காதுதான் கேட்காது என்று நினைத்தேன், மூளைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டாயா?

சென்ற வாரப் பாடம் எண்ணைத் தேர்ந்தெடுப்பது பற்றி. பிறந்த வருஷம் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போடியிலிருந்து வந்த நம் சபைக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். "அண்ணே, புதுவருச ஆராதனையில நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில உள்ள பைபிள் வசன நம்பரத்தான் வச்சிருக்கேன். அதிகாரத்துக்கு ரெண்டு எண்ணு, வசனத்துக்கு ரெண்டு எண்ணு, மொத்தம் நாலு எண்ணு. மறக்கவே மறக்காது" என்றார்.

"அந்த அட்டை இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்கு மேல ஒட்டியிருக்கேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். அறைக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. என் தேனிக் கணக்குக்கு நான் வைத்த எண்ணும் அதே மாதிரிதான். ஜனவரியில் ஊரில் இருந்தபோது எனக்குக் கிடைத்த அட்டையின் எண். நீ அதைக் கண்ணாடி போட்டு, உங்கள் இருவர் அட்டைக்கும் நடுவில் கூடத்துச் சுவரில் மாட்டினாயே, அதேதான். மெஷினை விட்டு வெளியே வந்து அத்தானிடம், "ஆண்டவர் குடுத்த நம்பரு அத்தான், மறக்காது" என்று பெருமை அடித்ததும் ஞாபகம் வந்தது. வாத்தியார் லட்சணம்! ஆனால் எண்ணை இதுவரை ஒரு உயிருக்கும் நான் சொன்னதில்லை, உனக்கும் அத்தானுக்கும்கூட. அதுவும் போக, சுவர் நம் வீட்டுச் சுவர். யார் வந்து எடுக்கப்போகிறார்கள்?

ராக்கப்பன் அண்ணன் விஷயத்தை முடித்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அவரிடம் கார்டுகளைக் கேட்டேன். மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். கடைசிக் கார்டை வைத்துவிட்டு, "சரி தம்பி. தலைக்குள்ள இருக்கிற நம்பர எப்படி எடுத்து வைக்கிறதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பாடத்துக்கு வருவதில்லை.

ராஜினாமாவை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை.

தம்பி
கிறிஸ்டோபர்


தேனி
3 அக்டோபர் 2009

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். மழை இல்லை.

உன் பாடத்தில் ஒரு சந்தேகம். ஒருவருடைய எண் வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள். சொந்தக்காரர் ஊரில் இல்லை. கார்டு மட்டும் இருக்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும்? முதலில் எது, பிறகு எது என்று வரிசையாக எழுது. மெஷினில் என்ன எழுத்து வரும், எந்தப் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதையும் எழுது. படம் போட்டால் நல்லது. எனக்கு மெஷினுக்குள் போய்ப் பழக்கம் இல்லை.

பூமாரி தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள்.

சீக்கிரம் எழுது.

ஜெபஷீலா


ஷார்ஜா
16 அக்டோபர் 2009

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் கையெழுத்து இந்த முறை கோணலாக இருந்தது. உடம்புக்கு என்ன? அத்தானிடம் கேட்டால், "அவளுக்கு என்ன, ராசாத்தி மாதிரி இருக்கா" என்கிறார்.

கடை கூட்டுகிற பூமாரிக்கு இந்தப் படிப்பு ஆசை வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். படத்தோடு எழுதியிருக்கிறேன், தனித் தாளில். சுருக்கமாகச் சொன்னால், கார்டைச் செருகி, தெரிந்துபோன அந்தப் பழைய எண்ணை அடிக்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் மினி ஸ்டேட்மென்ட் எடுக்க வேண்டும். கடைசியாக நடந்த பத்துக் காரியங்களை மெஷின் ஒரு துண்டுச் சீட்டில் அடித்துத் தரும். திரும்பக் கார்டைச் செருகி 'பின் மாற்றம்' என்பதை அமுக்கிப் புது எண் போட வேண்டும், இரண்டு தடவை. அதற்குப் பிறகு அந்தப் புது எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. சொந்தக்காரருக்கே அவர் நேரில் வந்த பிறகுதான்.

இந்தப் பாடத்தை இன்று கேம்பிலும் நடத்தினேன். முடிந்ததும் சின்னக்கருப்பு கையைத் தூக்கினான். "அண்ணே, மாசத்துக்கு ஒருக்கா மிச்சத்தப் பாக்கணும்னு சொல்றீக. நீங்க உங்க கணக்க எப்பப் பாத்தீக?" என்றான். ஜனவரியில் பார்த்தேன் என்று சொன்னேன். இன்டர்நெட்டில் கணக்குப் பார்க்க வங்கிக்காரர்கள் கொடுத்த பாஸ்வேர்டு கவர் ஒன்றும் டிரங்குப் பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிறது. வீட்டில் இருக்கிற பணத்தை எதற்குத் தினமும் எட்டிப் பார்ப்பது என்றேன். அவன் விடவில்லை.

"சரிண்ணே. நம்பரு தெரிஞ்சவக எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுன்னு சொன்னீக. நம்பரும் தெரிஞ்சு, கார்டும் கையில இருந்து, ஒத்தப் பைசா எடுக்காம நின்னாகள்ல ராக்கப்பண்ணே, அதுக்கு என்ன பேருண்ணே?"

படம் வரைந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ராக்கப்பன் அண்ணன் இப்போது மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். இருபத்து மூன்று பேரும் வெயிலில் ஏழு கிலோமீட்டர் போய் வருகிறார்கள். இரண்டு பேர் கார்டை மெஷின் விழுங்கிவிட்டது. நான் செய்தது சரிதான், இருந்தாலும் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நவம்பர் ஐந்துக்கு இன்னும் இருபது நாள். டிக்கெட் விலை விசாரித்துவிட்டேன்.

தம்பி
கிறிஸ்டோபர்


தேனி
29 அக்டோபர் 2009
கூரியரில்

தம்பி,

இதை முதலில் படி, பிறகு மற்ற வேலை. ராஜினாமா கொடுக்காதே. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு.

உன் படம் நேற்று முன்தினம் வந்தது. பூமாரிக்கு அது வேண்டாம். எனக்குத்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் துவைக்கப் போட்ட அவர் சட்டையில் உன் கார்டு இருந்தது. கேட்டதற்குச் சிலேட்டில் எழுதினார்: "தம்பி ஃபோனில் நம்பர் சொன்னான். கிளைக் கடைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னான்." ஃபோனில் நீ பேசியது எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் மனதாரச் சொன்னாயா என்று உன்னிடம் கேட்டேன். நீயும் ஆமாம் என்றாய். நான் நம்பிவிட்டேன்.

பிறகு, ஒரு உயிருக்கும் எண்ணைச் சொன்னதில்லை என்று உன் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். தினமும் தூசி தட்டுகிற அட்டை.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பூமாரி பேரில் கேள்வி எழுதினேன். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவரைத் திருடன் என்று எழுதக் கை வரவில்லை. உன்னிடம் ஃபோனில் சொல்ல வேறு யாரையாவது கூப்பிட்டால் தேனி பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். நான் தவறாக நினைக்கிறேன், வங்கியில் உன் பணம் அப்படியே இருக்கும் என்றும் ஒரு ஆசை. உன்னை இந்த இருபத்தைந்து நாள் காக்க வைத்தது என் தப்பு. அதை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் சரி.

நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு மதுரை ரோட்டு மெஷினுக்குப் போனேன். காவலாளி ஏதோ சொன்னார். காதைத் தொட்டுக் காட்டினேன், கதவைத் திறந்துவிட்டார். உன் படத்தை மெஷின் மேல் விரித்து வைத்துக்கொண்டேன். எண் கேட்டது. ஐந்து, நான்கு, ஒன்று, பூஜ்யம். சுவரில் இருந்ததை அப்படியே அடித்தேன். திறக்கக் கூடாது என்று ஜெபித்தேன். திறந்துவிட்டது.

சீட்டை இதோடு ஒட்டியிருக்கிறேன். பத்து வரியும் இருபத்தைந்தாயிரம், இருபத்தைந்தாயிரம். அடியில் மிச்சம் எவ்வளவு என்று இருக்கிறது, பார். ஏழு லட்சத்தில் எண்பத்திரண்டாயிரம். நான் அழவில்லை, பின்னால் வரிசை நின்றது. கார்டை மறுபடி செருகி எண்ணை மாற்றிவிட்டேன், இரண்டு தடவை அடித்து. பிறகு வெளியே வந்து, பக்கத்துக் கரும்புச்சாறு வண்டியின் நிழலில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து சீட்டை அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பேசினார். எனக்கு வாயைப் பார்த்து அரைவாசி புரியும். நேற்று நான் பார்க்கவில்லை.

புது எண் எனக்கு மட்டும் தெரியும். நீ கேட்டாலும் எழுதமாட்டேன். நேரில் வா, சொல்கிறேன். உன் பாடம் அதுதானே?

அக்கா


ஷார்ஜா
6 நவம்பர் 2009

அன்புள்ள அக்கா,

உயிரோடு, வேலையோடு இருக்கிறேன். உன் கூரியர் செவ்வாய்க்கிழமை வந்தது. ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் இந்த மாதத்துக்கான ஆணி, பெயின்ட் கணக்கை எழுதிவிட்டேன்.

ஸ்டோர் ரூமில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஊரை நினைத்து அழுகை வந்தது. அத்தான் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். உன் மேல் இல்லை. சந்தேகம் என்று நீ எழுதியதற்கு நான் படம் போட்டுப் பதில் அனுப்பினேன் பார், அந்தக் கிறுக்கன் மேல்தான் மிச்சக் கோபம் எல்லாம். இன்னும் நாலு வருஷமாவது இங்கே இருக்க வேண்டும். மனையை வேறு யாராவது வாங்கட்டும்.

இன்று பாடம் நடத்தவில்லை. மெஸ்ஸில் ராக்கப்பன் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "சாப்புடுங்க தம்பி, கொழம்பு ஆறுது" என்றார். பிறகு, "அந்தப் பயலுகள நம்பர மாத்தச் சொல்லிட்டேன். என் தலையில இருக்கிறதெல்லாம் இப்பப் பழைய நம்பரு. இனி ஒங்களுக்குப் பயமில்ல" என்றார்.

அடுத்த வெள்ளியிலிருந்து அவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மெஷினுக்குப் போவார், ஒவ்வொருவனும் தன் கார்டைத் தானே செருகுவான். பாதிப் பாடத்தை அவர் நடத்தட்டும் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். டிரங்குப் பெட்டியில் கிடந்த வங்கிக் கவரையும் பிரித்துவிட்டேன். சின்னக்கருப்பு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

தம்பி
கிறிஸ்டோபர்


தேனி
20 நவம்பர் 2009

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

செல்வமணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் கடைகள் இரண்டும் சுகம். தங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

விஷயத்தைத் தங்கள் அக்கா பெரிதுபடுத்திவிட்டாள். நான் எடுத்தது என் வயிற்றுக்கு இல்லை. அல்லிநகரம் கடையை ஒரு வகையில் தங்கள் கடை என்றே வைத்துக்கொள்ளலாம். பைப்புக்காரர்களுக்குக் கொஞ்சம் அவசரமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. புது நம்பரைத் தங்கள் அக்கா சொல்ல மறுக்கிறாள். தாங்கள் ஒரு வரி எழுதினால் சொல்லிவிடுவாள்.

செல்வமணி


ஷார்ஜா
4 டிசம்பர் 2009

அத்தானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். இத்தனை வருஷமாக என்னை ஏலே என்று கூப்பிட்டவர், இந்தக் கடிதத்தில்தான் தாங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எண் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன், அத்தான். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கிறிஸ்டோபர்


தேனி
4 ஜனவரி 2010

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு நன்மையாக இருக்கட்டும். எனக்குச் சளி பிடித்து விட்டது. காது எப்போதும் போல.

உன் கடிதத்தை அவர் மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். உன் கார்டு இருந்த அதே பை. பிறகு ஒரு நாள் அல்லிநகரம் கடைச் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இப்போது அங்கே கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். விவசாயிகள் வேண்டிய பைப்பின் அளவைக் காகிதத்தில் எழுதி நீட்டுகிறார்கள். காது கேட்காத ஆளிடம் யாரும் பேரம் பேச முடியவில்லை. அதனால் வியாபாரம் பரவாயில்லை. வாரக் கடைசியில் மிஞ்சுகிறதை உன் கணக்கில் போட்டுவிடுகிறேன், உன் கவரைப் பிரித்துவிட்டாயே, நீயே பார்த்துக்கொள். நாலு வருஷம் என்று எழுதினாய். மூன்றாக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

புதுவருஷ ஆராதனைக்குப் போனோம். உனக்காகவும் ஒரு அட்டை எடுத்தேன். இந்த வருஷம் எதையும் சுவரில் மாட்டவில்லை.

அவர் இன்னும் விட்டபாடில்லை. நேற்று பைப் கம்பெனிக்காரன் வந்து உட்கார்ந்திருந்தான். இவர் என் பக்கம் திரும்பி முதலில் மெதுவாகக் கேட்டார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார், பூமாரி துடைப்பத்தோடு ஓடி வந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். கடைசியில் சிலேட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்: "புது நம்பர் என்ன?"

நான் சிலேட்டை வாங்கித் துடைத்து, "எனக்குக் காது கேட்காது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

உன் அக்கா
ஜெபஷீலா